மிஸிஸின்ர சட்டமும் திரும்பாத சாவியும்

சாவி திரும்பாட்டி சாவியோட மல்லுக்கு நிக்காதேங்கோ. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. நான் ரிட்டயர் ஆகி கொட்டாஞ்சேனை வீட்டில பேப்பர் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்ட யோசினை கராஜில ஒருத்தருக்கும் இல்லை. போன கிழமையும் கராஜில வேலை செய்யிற சிங்களப் பொடியன் நுவன் கோல் எடுக்கிறான். "அய்யே, யத்துர கெரகென்னே நே." சாவி சுத்துதில்லையாம். என்ன நடந்தது எண்டு கேட்டால், கார்க்காரர் குறட்டால பிடிச்சுத் திருகி, சாவியில பாதி உள்ளுக்க, பாதி அவற்ற கையில.

"இதை ஒருக்கா எழுதித் தாங்கோ அண்ணை, பிரிண்ட் எடுத்துச் சுவரில ஒட்டுறம்" எண்டு அங்க இருக்கிற தமிழ்ப் பொடியள் கேட்டவங்கள். சுவரில ஒட்டுற அளவுக்குச் சுருக்கமா எழுதுற ஆள் நான் இல்லை. எனக்கு வாய் நீளம் எண்டு கலியாணம் கட்டின நாள் தொட்டு மனுசி சொல்லுறா. ஆனபடியால் கேட்டவங்கள் முழுக்க வாசிச்சுத்தான் ஆகவேணும்.

முதல் ஸ்டீயரிங். காரை நிப்பாட்டேக்க சில்லு ஒரு பக்கம் திரும்பி, ரோட்டுக் கரைக்கல்லில முட்டிக்கொண்டு நிண்டால் ஸ்டீயரிங் பூட்டு இறுகிப்போகும், சாவியை விடாது. இடக்கையால ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு, வலக்கையால மெல்லமாத் திருப்பவேணும். பெற்றோல் கியூ காலத்தில எங்களுக்கு வந்த கோல் முழுக்க இதுதான். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறம் எண்டு எஞ்சினை நிப்பாட்டி, சாவியையும் கழட்டிப் பொக்கற்றில போட்டிட்டு, சனம் காரைத் தள்ளிக்கொண்டு போகும். தள்ளத் தள்ள ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பேந்து கியூ நகரும், கார் நகராது, பின்னால நிக்கிறவங்கள் ஹோன் அடிச்சு ஊரைக் கூட்டுவாங்கள். போனைக் காதில வைச்சுக்கொண்டு "ஆட்டுங்கோ ஐயா, ஆட்டுங்கோ" எண்டு கத்தினதுதான் அந்தக் காலத்தில நான் செய்த ரிப்பேர்.

அடுத்தது கியர். ஓட்டோ கியர் கார் எண்டால் கியர் பார்க்கில நிக்குதோ எண்டு பாருங்கோ. அதுவும் சரியெண்டால், வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கிற மற்றச் சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. அது திரும்பினால் பழைய சாவி தேய்ஞ்சுபோச்சு, புதுசு வெட்டினாச் சரி. ரெண்டும் திரும்பாட்டி வருத்தம் பெரலில. சாவி நுழையிற குழலைத்தான் நாங்கள் பெரல் எண்டுறது. அதுக்குள்ள சின்னப் பித்தளைத் தகடுகள் ஸ்பிரிங்கில வரிசையா நிக்கும். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும், பெரல் சுத்தும். ஒரேயொரு தகடு முரண்டு பிடிச்சாலும் சுத்தாது.

எண்ணெய் மட்டும் விடாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். விட்ட அண்டைக்கு வழுக்கும். பிறகு உள்ளுக்க இருக்கிற தூசியெல்லாம் சேர்ந்து களியாகும். காய்ஞ்ச கிராபைட் தூள் கொஞ்சம் போட்டால் காணும்.

நான் வேலை பழகின கதை பெரிசா ஒண்டும் இல்லை. கொட்டாஞ்சேனையில பிறந்து, பள்ளிக்கூடத்தில கணக்குக் காலை வார, ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு வயரிங் கடையில சேர்ந்து, கொஞ்ச நாள் திட்டு வாங்கி, கொஞ்ச நாள் ஷொக் வாங்கி, கடைசியில மிஸிஸின்ர கராஜுக்கு வந்து சேர்ந்தன். ரிட்டயர் ஆகும் வரைக்கும் அங்கதான்.

மிஸிஸ் எண்டால் கராஜ் முதலாளி. அவவுக்கு ஒரு பேர் இருந்தது, நாங்கள் ஒருத்தரும் சொன்னதில்லை. புருசன் செத்தாப்பிறகு கராஜை வித்துப்போட்டு வீட்டில இருக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாம் சொல்ல, அடுத்த நாளே வந்து அவற்ற கதிரையில இருந்தவ. ஒரு நட்டைக் கழட்டத் தெரியாது. ஒரு நட்டுக் குறைஞ்சால் தெரியும். மெதுவாத்தான் கதைப்பா. கோவம் வந்தால் இன்னும் மெதுவாகும். நல்லாக் கோவம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும், அப்ப நாங்கள் எல்லாரும் காருக்குக் கீழ படுத்திடுவம்.

அவவிட்ட ஒரு சட்டம் இருந்தது. எங்கட மூத்த மெக்கானிக் பாஸ் ஒருத்தர் ஒருநாள் ஒரு காரின்ர சாவி ஓட்டைக்குள்ள பசை மாதிரி ஒண்டைக் கண்டிட்டு, "வீட்டில சின்னப் பிள்ளையள் சூயிங்கம் சப்புறவையோ" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டிட்டார். கார் கொண்டுவந்த தகப்பன்காரன் பக்கத்தில நிண்ட மகனுக்கு விட்டார் ஒரு அறை. பிறகு பாத்தால் அது பழைய கிறீஸ், காய்ஞ்சு இறுகிக் கிடந்திருக்கு. பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டு போச்சு. அண்டைக்கு மிஸிஸ் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னா:

"சாமானுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. சாமானைக் காட்டுங்கோ. ஆர் செய்தது எண்டு சொல்லாதேங்கோ. இது கராஜ், பொலிஸ் ஸ்டேஷன் இல்லை."

பெரலைக் கழட்டினால் கஸ்டமருக்கு முன்னால வெள்ளைத் துணி விரிச்சு, அதில தகடு தகடா வைச்சுக் காட்டுறதும் அவ வைச்ச பழக்கம்தான். நல்ல சட்டம். அதை நான் குறை சொல்லேல்லை. ஆனால் ஒருநாள் அந்தச் சட்டத்தால ஒருத்தன்ர சோறே போகப் பாத்தது.

நான் ரிட்டயர் ஆகிறதுக்குக் கொஞ்சக் காலம் முன்னம், ஒரு வெள்ளிக்கிழமை காலமை, தில்லைநாதன் ஐயாவிட்ட இருந்து கோல் வந்தது. அரசாங்கத்தில பெரிய உத்தியோகம் பாத்து ஓய்வெடுத்த மனுசன். வெள்ளவத்தையில கடலுக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில வீடு. எங்கட பழைய கஸ்டமர். சாவி திரும்பேல்லையாம்.

"என்ன நடந்தது ஐயா?" எண்டு மிஸிஸ் வழக்கம்போலக் கேட்டா.

"என்ன நடந்தது எண்டு கேளாதேங்கோ மிஸிஸ். ஆர் செய்தது எண்டு கேளுங்கோ, சொல்லுறன்!" அவர் போட்ட சத்தம் போனுக்கு வெளியால எனக்கே கேட்டது.

மிஸிஸ் போனை வைச்சிட்டு, "குமார், சாமான் பெட்டியை எடு. நானும் வாறன்" எண்டா. அவ கராஜை விட்டு வெளிக்கிடுறது அபூர்வம்.

அங்க போனால் கார் போர்ட்டிகோவில நிக்குது. ஐயா முகமெல்லாம் சிவந்துபோய் நிக்கிறார். அவற்ற மனுசி சரோஜா அக்கா வாசல் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கேட்டடியில டிரைவர் செல்வராஜ், கையில ஒரு துணிப் பையோட. மலையகத்துப் பொடியன், ஹெந்தளையில குடும்பம். அந்த வீட்டில கன காலமா ஓடுறவன். எப்ப கார் கொண்டுவந்தாலும் எங்களோட நிண்டு துடைச்சுக் கழுவிக் குடுத்திட்டுத்தான் போவான். அண்டைக்கும் நெத்தியில காயாத சந்தனம்.

ஐயா தொடங்கினார். "இவன்ர பெண்சாதிக்குப் பிள்ளை கிடைச்சதெண்டு மூண்டு கிழமை லீவு குடுத்தன். அந்த மூண்டு கிழமையும் நான்தான் ஓடினது. கடைசியில கொஞ்சம் இறுக்கமா இருந்தது, தையல் மெசின் எண்ணெய் விட்டன், நல்லாத்தான் திரும்பிச்சு. இண்டைக்கு இவன் வந்து கை வைக்கிறான், சாவி அசையேல்லை. இந்தச் சாவியைப் பாருங்கோ தம்பி!"

வாங்கிப் பாத்தன். சாவி முழுக்கக் கீறல்.

"இதைக் கொண்டுபோய்க் கள்ளச்சாவி வெட்டியிருக்கிறான். நாங்கள் யாழ்ப்பாணம் போய் நிக்கிற நாட்களில என்ர காரை ஹயருக்கு ஓடியிருக்கிறான். அந்தக் கள்ளச்சாவியைப் போட்டுத்தான் லொக்கும் பழுதாகினது. இண்டையோட இவனுக்கு இங்க வேலை இல்லை. நீங்கள் மட்டும் கள்ளச்சாவி எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, நான் பொலிசில குடுக்கிறன்."

"நா ஒண்ணும் செய்யலீங்கய்யா" எண்டான் செல்வராஜ்.

நான் என்ர வேலையைத் தொடங்கினன். ஸ்டீயரிங் லூசாத்தான் இருந்தது. கியர் பார்க்கில. அலுமாரியில கிடந்த மற்றச் சாவியைக் கொண்டுவரச் சொன்னன், அது பாவிக்காமல் புதுசு மாதிரி இருந்தது. அதுவும் கடைசிக் கொஞ்சம் உள்ளுக்க போகாமல் முட்டிக்கொண்டு நிண்டது. அப்ப பிழை சாவியில இல்லை, பெரலுக்குள்ள என்னவோ அடைச்சுக்கொண்டு கிடக்கு.

கீறல் விழுந்த சாவியைத் திரும்ப வெளிச்சத்தில பிடிச்சன். சாவி வெட்டுறவன் அதைக் கிடுக்கியில இறுக்குவான், கிடுக்கியின்ர பல்லுத் தடம் குறுக்கால விழும். இது நீட்டுக்கு, தலைப்பக்கம் இருந்து நுனி வரைக்கும், மெல்லிய கோடு. பிளேட்டால சுரண்டினது. ஒரு நாள் சுரண்டினதும் இல்லை, பழைய கோட்டுக்கு மேல புதுக்கோடு. கள்ளச்சாவி இல்லை எண்டு எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிட்டுது. வாயைத் திறந்தன். மிஸிஸ் பாத்த பார்வையில மூடினன்.

"பெரலைக் கழட்டு, குமார்."

சாவி திரும்பாத பெரலைக் கழட்டுறது கரைச்சல் பிடிச்ச வேலை. சாவி ஒரு படி திரும்பினால்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற பின் எண்ட சின்ன ஆணியை அமத்தலாம். பற்றரி வயரைக் கழட்டி, ஸ்டீயரிங் கழுத்தில இருக்கிற மூடியைத் திறந்து, பிளக்கை இழுத்துவிட்டு, ஓட்டைக்குள்ள கிளீனர் அடிச்சன். கொஞ்ச நேரத்தில உள்ளுக்க இருந்து மஞ்சளும் சாம்பலுமா ஒரு களித்தண்ணி வடிஞ்சுது. மெல்லிய கம்பியால தகடு தகடாத் தட்டி, திரும்ப அடிச்சு, சாவியைப் போட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால செல்லமாத் தட்டிக்கொண்டே திருப்பினன். வேர்த்து ஒழுகிச்சு. ஒரு மாதிரி ஒரு படி அசைஞ்சுது. ஓட்டைக்குள்ளால கம்பியை விட்டுப் பின்னை அமத்தி, பெரலை வெளியால எடுத்தன்.

துணியில வைச்சால், தகடெல்லாம் சுவருக்குப் பூசுற புட்டி அப்பின மாதிரி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனன். சந்தனம். திருநீறு. கற்பூரமும் இருந்தது. எத்தினையோ பெரல் கழட்டியிருக்கிறன், கோயில் வாசம் அடிச்ச பெரல் இதுதான்.

கை கழுவப் போறன் எண்டு சொல்லி, கேட்டடித் தண்ணிக் குழாய்க்குப் போனன். செல்வராஜ் அங்கதான் நிண்டான்.

"தம்பி, சாவியைச் சுரண்டினது நீதானே?"

அவன் வீட்டுப் பக்கம் பாத்தான். "மெதுவா பேசுங்கண்ணே. அம்மா காதுல விழுந்துறப் போகுது."

பேந்து சொன்னான். ஐயாவின்ர ஒரே மகன் வெளிநாட்டில கார் அடிபட்டுச் செத்தவன். செய்தி வந்த வருசம் தொட்டு, சரோஜா அக்கா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டு, கார்ச் சாவி முழுக்கத் திருநீறும் சந்தனமும் பூசித்தான் வெளியில எடுக்க விடுறது.

"பூசின சாவிய அப்படியே போட்டா அடச்சிக்கும்லண்ணே? அதனால கேட்டுக்கு இந்தாண்ட வந்து பிளேடால சுரண்டிட்டுத்தான் போடுவேன். லீவுல நான் இல்ல. ஐயாவுக்கு அது தெரியாது, அப்படியே போட்டு ஓட்டியிருக்காரு. எண்ணெய் வேற ஊத்தியிருக்காரு."

"அப்ப போய் அதைச் சொல்லன்!"

"சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்ண்ணே. செத்த மகன நெனச்சுப் பூசுறாங்க. அத ஒருத்தன் வாராவாரம் சுரண்டி எடுத்தான்னு தெரிஞ்சா தாங்குவாங்களா? வேலை போனா போகட்டும். வேற எங்கயாச்சும் ஓட்டிப் பொழச்சிக்குவேன்."

பிழைச்சுக்கொள்ளுவானாம்! வீட்டில பச்சைப் பிள்ளை, இங்க மனுசன் பொலிசில குடுக்கிறன் எண்டு நிக்கிறார், கள்ளன் எண்டு பேர் எடுத்தவனுக்கு வெள்ளவத்தையில இன்னொரு வீட்டில ஆர் சாவி குடுப்பினம்? எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. நேர மிஸிஸிட்டப் போய், காதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டினன்.

அவ துணியில இருந்த தகடுகளை ஒருக்கா பாத்தா. பிறகு, "ஆர் செய்தது எண்டு நாங்கள் சொல்லப்போறதில்லை" எண்டா.

"உங்கட சட்டத்தால ஒரு அப்பாவியின்ர வேலை போகுது மிஸிஸ்!" வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு அவவிட்ட நான் குரலை உயர்த்தினது அண்டைக்குத்தான்.

அவவின்ர உதடு மட்டும் அசைஞ்சுது. "சத்தம் போடாதே. சாமானைக் காட்டவேணும் எண்டதும் என்ர சட்டம்தானே. ஆருக்குக் காட்டவேணும் எண்டு நான் சொல்லேல்லை."

வெள்ளைத் துணியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு, ஐயாவைத் தாண்டி, நேர வாசல் படிக்குப் போனா.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. நான் சேர்ச்சுக்குப் போற ஆள், இது என்ன வாசம் எண்டு எனக்குப் பிடிபடேல்லை."

சரோஜா அக்கா ஒரு தகட்டை எடுத்து, விரலால தேச்சு, மணந்து பாத்தா. திரும்பவும் மணந்தா. "இது என்ர சந்தனம்" எண்டா. "நான் கல்லில அரைக்கிறது. பச்சைக் கற்பூரம் போட்டிருக்கு."

"என்ன கதைக்கிறீர் நீர்?" எண்டு ஐயா கிட்ட வந்தார்.

"நான் சாவிக்குப் பூசுறது உள்ளுக்க போய் அடைச்சிருக்கு. வேற என்ன."

"அதோட ஆரோ எண்ணெயும் விட்டிருக்கினம், களியாப்போச்சு" எண்டன் நான். வாய் சும்மா இருக்காது. ஐயா வேற பக்கம் பாத்தார்.

அத்தோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். கள்ளச்சாவி இல்லை, அவன்ர வேலை தப்பிச்சுது, பெரலைக் கழுவிப் பூட்டிக் குடுத்தாச் சரி. ஆனால் சரோஜா அக்கா மூளையுள்ள மனுசி. "நான் நேத்து முந்தநாள் பூசத் தொடங்கேல்லையே. இவ்வளவு காலமும் ஏன் அடைக்கேல்லை?" எண்டு கேட்டுக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினா. குடுக்காமல் இருக்க ஏலுமே? குடுத்தன். அந்தக் கீறலைத் தடவித் தடவிப் பாத்தா. பேந்து கேட்டடியைப் பாத்தா.

"செல்வராஜ், இது நீ சுரண்டினதோ?"

அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு கிட்ட வந்தான். "ஆமாங்கம்மா."

"எப்ப இருந்து?"

"மொத வெள்ளிக்கெழமையில இருந்தேங்கம்மா."

அவ அப்படியே படியில இருந்திட்டா. "அப்ப என்ர சந்தனம் ஒரு நாளும் இந்தக் காரில போகேல்லை" எண்டா. அழேல்லை. சும்மா சொன்னா. பேசாமல் கள்ளச்சாவி எண்டே சொல்லியிருக்கலாமோ எண்டுகூட ஒரு நிமிசம் நினைச்சன். ஐயா மனுசிக்குப் பக்கத்தில போய் நிண்டார்.

செல்வராஜ்தான் கதைச்சான். "கீழ போடலங்கம்மா. சாமியோடதாச்சே, கீழ போடுவேனா? சுரண்டினத நெத்தியில வச்சிக்கிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். ஒரு வெள்ளிக்கெழம கூட தவறினதில்லீங்க. இன்னைக்கும் வச்சிருக்கேன் பாருங்க."

சரோஜா அக்கா நிமிர்ந்து அவன்ர நெத்தியைப் பாத்தா. நாங்கள் எல்லாரும்தான் பாத்தம்.

"நீ கோயிலுக்குப் போயிட்டு வாறாய் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"ஹெந்தளையில இருந்து காலையில இங்க வந்து சேரவே பஸ்ஸு கெடைக்காதுங்கம்மா. கோயிலுக்கு எங்க போறது."

அவ எழும்பி உள்ளுக்க போனா. நான் தகடுகளைக் கழுவித் துடைச்சு, கிராபைட் தூள் போட்டு, பெரலைத் திரும்பப் பூட்டினன். சாவி போட்ட உடன சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பிச்சு. எஞ்சினை நிப்பாட்டிச் சாவியைக் கழட்டிக்கொண்டு இறங்கிறன், சரோஜா அக்கா சந்தனக் கிண்ணத்தோட வாறா. எனக்குப் பகீர் எண்டுது. பட்ட பாடெல்லாம் வீணாப்போகப் போகுது எண்டு சாவியைக் கைக்குள்ள பொத்தினன்.

"சாவியை நீரே வைச்சிரும் தம்பி, நான் பறிக்கேல்லை" எண்டிட்டு, "செல்வராஜ், இங்க வா. குனி" எண்டா.

அவன் குனிஞ்சான். காய்ஞ்ச சந்தனத்துக்கு மேல திருநீறு பூசி, புதுச் சந்தனமும் வைச்சா. பிறகு மிச்சத்தை ஒரு வெத்திலையில மடிச்சு அவன்ர கையில குடுத்தா. "இது பிள்ளைக்கு. இதையும் நீயே பூசிப்போடாதே."

ஐயா அவன்ர கையில இருந்த துணிப் பையைத் தானே வாங்கி, கார்ப் பின்சீற்றில வைச்சார். "இனிமேல் லீவில போகேக்க, ஆர் என்ன செய்யவேணும் எண்டு எல்லா வேலையையும் ஒப்படைச்சிட்டுப் போகவேணும், விளங்கிச்சோ?" எண்டு அதட்டினார். மன்னிப்புக் கேக்கத் தெரியாத மனுசர் இப்பிடித்தான் கேப்பினம். "வெளங்குதுங்கய்யா" எண்டான் அவன்.

திரும்பி வரேக்க பம்பலப்பிட்டி வரைக்கும் மிஸிஸ் ரோட்டைப் பாத்துக்கொண்டு வந்தா. பேந்து, "ஆரோ எண்ணெய் விட்டிருக்கினம் எண்டு சொன்னது ஆர்?" எண்டு கேட்டா. "ஆர் எண்டு சொல்லக்கூடாது மிஸிஸ்" எண்டன். அவ சிரிச்சு அண்டைக்குத்தான் கண்டன்.

சரி, சுவரில ஒட்டப்போறவங்களுக்கு. சாவி திரும்பாட்டி முதல் ஸ்டீயரிங்கை ஆட்டுங்கோ. கியரைப் பாருங்கோ. மற்றச் சாவியைப் போட்டுப் பாருங்கோ. எண்ணெய் விடாதேங்கோ. அதுக்கும் சரிவராட்டி சாவியை ஒருக்கா மணந்து பாருங்கோ. சந்தனம் மணத்தால், டிரைவரில கை நீட்டுறதுக்கு முதல் அவன்ர நெத்தியைப் பாருங்கோ.